விழுந்தான் துறை

1981 ஆகஸ்ட் 22, சனிக்கிழமை. காலையில் குழாயில் தண்ணீர் தாமதமாக வந்தது. அண்ணன் லால்குடி ரயிலுக்குப் போனார். எனக்கு ஆபீஸ் அரை நாள்; திரும்பும் வழியில் மண்ணெண்ணெய் வாங்கினேன். நடு அறையை ஒட்டடை அடித்தேன். வெயில். மத்தியானம் சாப்பிட்ட பிறகு உட்கார்ந்து நாட்குறிப்பில் எழுதியது இவ்வளவுதான். 'வெயில்' என்ற சொல்லுக்குக் கீழே ஒரு கோடு இருக்கிறது. அது இரண்டு நாள் கழித்துப் போட்டது. மையின் நிறம் வேறு.

ஒட்டடை அடிக்கும்போது சுவரில் மாட்டியிருந்த வரைபடத்தைக் கழற்றி, உலர்ந்த துணியால் துடைத்து, அதே ஆணியில் மறுபடி மாட்டினேன். நான்கு தடித்த தாள்களை ஓரத்தில் பசை தடவி இணைத்து, கறுப்பு மையில் வரைந்த வரைபடம். அப்போது அந்தத் தாளில் எங்கும் வெளிச்சம் ஊடுருவவில்லை. இன்று ஊடுருவுகிறது. ஜன்னலுக்கு நேரே பிடித்தால், ஆறு இரண்டாகப் பிரிந்து ஓடும் இடத்தில், வடக்குக் கிளையின் கரையில், ஒரு விரல் அகலத்துக்கு வெயில் தெரிகிறது. தாள் அங்கே அவ்வளவு மெலிந்துவிட்டது. அந்தப் படத்தில் இருப்பது உலகத்தில் எங்கும் இல்லாத ஒரு நாடு. அதை வரைந்தவர் என் அண்ணி.

அண்ணி எங்கள் தென்னூர் வீட்டுக்கு மருமகளாக வந்தபோது ஒரு பெண்கள் பள்ளியில் பூகோளம் எடுத்துக்கொண்டிருந்தார். அவருடைய தம்பி சரக்குக் கப்பலில் வேலை பார்த்தான். ஒரு விடுமுறைக்கு வந்தபோது, ஏதோ துறைமுகத்தில் பழைய சாமான் கடையில் கிடைத்தது என்று ஒரு பெட்டியைக் கொடுத்துவிட்டுப் போனான். அதில் ஆங்கிலத்தில் சில மெல்லிய புத்தகங்களும் விநோதமான பகடைகளும் இருந்தன. ஒன்றுக்கு இருபது முகங்கள். ஒருவர் ஒரு நாட்டையே மனதில் வைத்துக்கொண்டு நடத்த வேண்டும். மற்றவர்கள் ஆளுக்கொரு வேஷத்தில் அந்த நாட்டுக்குள் நுழைய வேண்டும். "பாதை இங்கே இரண்டாகப் பிரிகிறது, என்ன செய்கிறீர்கள்?" என்று நடத்துபவர் கேட்பார். செய்ய நினைப்பதைச் சொன்னால், அது பலித்ததா இல்லையா என்பதைப் பகடை சொல்லும். மந்திரவாதிகளும் பூதங்களும் நிறைந்த நாடு. காய் நகர்த்தக் கட்டம் கிடையாது, ஜெயிப்பவர் தோற்பவர் கிடையாது. பேச்சுதான் ஆட்டம்.

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்து, சாப்பாடும் முடிந்து, பாயை விரித்து உட்காருவோம். நடத்துபவர் அண்ணி. ஆடுகிறவர்கள் அண்ணன், நான், அண்ணனுடன் கல்லூரியில் படித்த ஸ்ரீரங்கத்து நண்பர் ஒருவர். அம்மா முதல் நாளே பகடையைக் கையில் எடுத்து உருட்டிப் பார்த்தார். "தாயக்கட்டைக்கு இருவது மூஞ்சியா? கோயிலுக்குப் போயிட்டு வந்த கையோட சூதாட்டம். சாமியார் காதுல விழுந்தா நல்லாத்தான் இருக்கும்" என்றார். ஆனாலும் நாலு மணிக்குச் சுண்டல் வந்துவிடும்.

பெட்டியோடு வந்த வரைபடத்தை அண்ணியால் தாங்கிக்கொள்ள முடியவில்லை. பூதங்களை அவர் ஒத்துக்கொண்டார், ஆற்றை ஒத்துக்கொள்ளவில்லை. அந்தப் படத்தில் கடலோரத்தில் பனிமலை, அதன் காலடியில் பாலைவனம், பாலைவனத்துக்கு நடுவே ஒரு ஆறு. அந்த ஆறு ஒரு கடலில் தொடங்கி இன்னொரு கடலில் முடிந்தது. "இதுக்குத் தண்ணி எங்கருந்துங்க வருது? யாராவது மோட்டார் போட்டு எறைக்கிறாங்களா?" என்று அண்ணனிடம் கேட்டார், அவர்தான் வரைந்தவர் போல. ஊர்ப் பெயர்கள் யாரோ வாயில் கூழாங்கல்லைப் போட்டுக்கொண்டு துப்பியது போல இருந்தன. அந்த ஊர்களில் யார் குடியிருந்தார்கள், எதைப் பயிரிட்டார்கள், எதற்குப் பயந்தார்கள் என்று பெயரிலிருந்து ஒன்றும் தெரியவில்லை.

ஸ்ரீரங்கத்து நண்பர் புத்தகத்தைப் புரட்டி, நாடு வரைகிறவர்களுக்கான குறிப்பு ஒன்றைக் கண்டுபிடித்தார். "மன்னி, ஆறுன்னா போகப் போகச் சேருமாம். பிரியாதாம். அப்படி வரைஞ்சா தப்புன்னு போட்டிருக்கான்."

"அப்ப நீங்க எங்க குடியிருக்கீங்க?" என்றார் அண்ணி.

காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரிந்து போவதால்தான் ஸ்ரீரங்கம் தீவாக இருக்கிறது. நண்பர் புத்தகத்தை மூடினார். "டேய், ஒன் வீடே பொய்யாம்டா. போ, போயி காலி பண்ணு" என்று அண்ணன் அவர் முதுகில் அடித்தார். அன்றே அண்ணி புது நாட்டைத் தொடங்கினார். முதலில் மேற்கே மலை. மலைக்கு இந்தப் பக்கம் மழை குறைவு, அந்தப் பக்கம் அதிகம். அதற்கேற்ப காடு, மேய்ச்சல் நிலம், புஞ்சை. மலையிலிருந்து இறங்கி வரும் ஒரே ஆறு, சமவெளியில் இரண்டாகப் பிரிந்து நடுவில் ஒரு தீவை விட்டுச் சென்றது. வெள்ளம் வந்தால் மட்டும் வடக்குக் கிளை நிறையும். மற்ற நாளில் வெறும் மணல். எங்களுக்குத் தெரிந்த தண்ணீரைத்தான் வரைந்தார்.

பெயர் விஷயத்தில் அண்ணி இன்னும் கறார். படத்தில் ஒரு பெயரையும் தானாக எழுதவில்லை. "பேர் நம்ம வைக்கிறதில்ல. அங்க என்ன நடக்குதோ அதுதான் பேரு" என்பார். வடக்கேயிருந்து வந்த ஒரு படைத்தலைவன் தூரத்திலிருந்து சிவந்த கோபுரத்தைப் பார்த்து, சிவப்புக் கோயிலா என்று தன் மொழியில் கேட்ட வார்த்தைதான் லால்குடி ஆகிவிட்டது என்று எங்கள் பக்கத்தில் சொல்வார்கள். வழியோடு போனவன் வாயில் வந்த சொல். அவன் போய்விட்டான், ஊர் அந்தச் சொல்லோடு தங்கிவிட்டது. அதே மாதிரி, ஆட்டத்தில் நாங்கள் போன இடத்தில் எங்களுக்கு என்ன நேர்ந்ததோ அதை வைத்துத்தான் அண்ணி பெயர் எழுதினார். அண்ணனின் கழுதை நகர மறுத்த கணவாய் 'கழுதை மறித்தான்' ஆயிற்று. மூட்டை அவிழ்ந்த இடம் 'உப்புக்கொட்டி மேடு'. மூலிகை விற்கும் பெண்ணாக ஆடிய என்னை யாரோ பின்னாலிருந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டு, நான் திரும்பியபோது யாரும் இல்லாமல் போன பாறை, 'திரும்பிப் பார்த்தாள் பாறை'.

படம் நிறைய நிறைய எனக்குப் பயம் கூடியது. இல்லாத நாடுதான். ஆனால் அங்கே மழை மேகம் எந்தப் பக்கமிருந்து வரும் என்று எனக்குத் தெரியும். எந்த ஊரில் கிணறு உவர்ப்பு என்று தெரியும். பெட்டியில் வந்த நாட்டில் பூதம் வந்தால் சிரிப்பு வந்தது. அண்ணியின் நாட்டில் ஒரு நாய் குரைப்பதை நிறுத்தினாலே நான் வாசலைத் திரும்பிப் பார்த்தேன். பாறைக்குப் பெயர் வைத்த அன்று, இருட்டும் முன்பே மாடியில் காய்ந்த துணியை எடுக்க அம்மாவைத் துணைக்குக் கூட்டிப்போனேன். பிறகு ஒரு நாள் சமயபுரம் போகும் பஸ்ஸில், கண்டக்டர் கூவிய ஒவ்வொரு நிறுத்தத்தின் பெயரிலும் யாரோ ஒருவருடைய பயம் இருக்குமோ என்று தோன்றியது. பயந்தவர்கள் மறைந்துபோய், பெயர் மட்டும் டிக்கெட்டாக நம் கைக்கு வருகிறது.

ஆகஸ்ட் 16, ஞாயிறு. அன்று ஆட்டத்தில் எங்கள் மூவரின் வேலை, தீவில் காய்ச்சல் கண்டிருக்கும் ஊருக்கு மருந்து கொண்டுபோவது. வடக்குக் கிளையின் கரைக்கு வந்து சேர்ந்தோம். அண்ணனின் வேஷம் ஒரு வண்டிக்காரன். வேஷத்துக்கு வேறு பெயர் வைக்க வேண்டும் என்று அண்ணி எத்தனை சொல்லியும் கேட்காமல், அம்மா தன்னை வீட்டில் கூப்பிடும் பெயரையே வைத்துக்கொண்டிருந்தார். அந்தப் பெயரை இங்கே எழுத இன்றும் எனக்குக் கை வரவில்லை.

"நல்ல வெயில். ஆத்துல தண்ணி இல்ல. மணல் மட்டும் மேலாக்க ஈரமா இருக்கு" என்றார் அண்ணி.

"தாண்டுறேன்" என்றார் அண்ணன்.

"நெசமாவா?"

"வெயில் அடிக்குதுன்னு நீதானே சொன்ன? தாண்டுறேன்."

நானும் நண்பரும் கரையில் நின்றுவிட்டோம். அண்ணன் பாதி மணல் போனதும் அண்ணி குரலைத் தாழ்த்தினார். மேற்கே ஒரு சத்தம் கேட்கிறது என்றார். நூறு வண்டிகள் பாலத்தில் ஓடுவது போன்ற சத்தம். முதலில் சத்தம், பிறகு தண்ணீர். காலுக்கடியில் மணல் கரைவதை அவர் சொன்னபோது அம்மா கூட அடுக்களை வாசலில் வந்து நின்றார். அண்ணன் பகடையை உருட்டினார். இரண்டு விழுந்தது. வண்டிக்காரன் போய்விட்டான்.

அண்ணனுக்கு உண்மையாகவே கோபம். "மழையே இல்லாம வெள்ளமா? அநியாயமா இருக்கே!"

"மழை இங்க பெய்யணும்னு யாருங்க சொன்னா? மேக்க மலையில பத்து நாளா பெய்யுது. நீங்க கேக்கல." அண்ணி பேனாவை எடுத்து, அந்தக் கரையில் அண்ணனின் வீட்டுப் பெயரை எழுதி, பக்கத்தில் 'விழுந்தான் துறை' என்று எழுதினார். மை காய ஊதினார். அம்மா அதற்குள் அடுப்படிக்குப் போய்விட்டிருந்தார். நண்பர் மட்டும் ஏதோ சொல்ல வாயெடுத்து, பிறகு சுண்டலை எடுத்துப் போட்டுக்கொண்டார். அவர் சொல்ல வந்தது என்ன என்று ஒரு வாரம் கழித்துத் தெரிந்தது.

அண்ணன் வேளாண்மைத் துறையில் களப்பணியாளர். ரயிலில் லால்குடி போய், ஸ்டேஷனில் விட்டிருக்கும் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிராமங்களுக்குப் போவார். சனிக்கிழமை மட்டும் சைக்கிளை வீட்டுக்குக் கொண்டுவருவார், துடைத்து எண்ணெய் போட. பாலம் வழியாக வந்தால் சுற்று என்று, கொள்ளிடத்தில் தண்ணீர் இல்லாத மாதங்களில் மணலில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே தீவுப் பக்கம் ஏறி, திருவானைக்காவல் வழியாக வந்துவிடுவார். வடகரைக் கிராமத்து ஜனங்கள் எல்லோரும் அப்படித்தான் வந்து போவார்கள். ஐந்து மணிக்குள் சைக்கிள் மணி தெருவில் கேட்கும்.

அந்தச் சனிக்கிழமை ஐந்துக்குக் கேட்கவில்லை. யாரும் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. ஆறு மணி சுமாருக்கு ஸ்ரீரங்கத்து நண்பர் வந்தார். சனிக்கிழமை அவர் வருகிற வழக்கமில்லை. செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார்.

"வந்துட்டானோ?"

"இன்னும் இல்லையே. உள்ள வாங்க" என்றார் அண்ணி.

"மன்னி, கொள்ளிடத்துல ஜலம் வந்துடுத்து. மேலணையில தொறந்துட்டா. மத்தியானம் பாத்தப்போ வெறும் மணல். இப்போ ரெண்டு கரையும் தெரியல."

மேற்கே எங்கோ மலையில் மழை பெய்து, அணைகள் நிரம்பி, உபரித் தண்ணீரைத் திருப்பிவிட்டிருக்கிறார்கள். திருச்சியில் ஒரு சொட்டு மழை இல்லை. வானத்தில் மேகம்கூட இல்லை. நான் அண்ணியைப் பார்த்தேன். அண்ணி சுவரைப் பார்த்தார்.

"பாலம் இருக்குல்ல? பஸ்ல வருவான்" என்றார் அம்மா.

"பாலம் இருக்கு, பஸ்ஸெல்லாம் ஓடறது. நானும் அதான் நெனச்சேன். போன வாரம் ஆட்டத்துல வேற அப்படி ஆயிடுத்தா, அதான் மனசு கேக்காம..." அவர் அங்கேயே நிறுத்திக்கொண்டார். ஆனால் அம்மா நடு அறைக்குள் போய்விட்டார். முகத்தைத் தாளுக்கு வெகு அருகில் கொண்டுபோய், கழுதையையும் உப்பையும் பாறையையும் கடந்து, தன் மகன் பெயரைக் கண்டுபிடித்தார்.

அம்மா கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலாம் என்று பிறகு பல முறை நினைத்திருக்கிறேன். "பெத்தவ நான் உசுரோட இருக்கேன். எம்புள்ள பேரை எழுதி, பக்கத்துல விழுந்தான்னு எழுதி, சொவத்துல மாட்டி வச்சிருக்கியேம்மா" என்றார்.

அண்ணி அலமாரியிலிருந்து அரை பிளேடு ஒன்றை எடுத்தார். படத்தைக் கழற்றித் தரையில் விரித்து, மண்டியிட்டு, அந்தப் பெயரைச் சுரண்டத் தொடங்கினார். கறுப்பு மை தாளுக்குள் இறங்கியிருந்தது. எழுத்துப் போன பிறகும் நிழல் போகவில்லை. நிழல் போன பிறகும் அவர் நிறுத்தவில்லை. எலி கொறிப்பது போல அந்தச் சத்தம். நான்தான் கையைப் பிடித்து நிறுத்தினேன். விரல் நுனி வெட்டுப்பட்டிருந்தது. 'விழுந்தான் துறை' அப்படியே இருந்தது. முன்னால் ஒரு வெற்றிடம்.

நண்பர் அப்படியே லால்குடி பஸ் பிடிக்கப் போனார். அண்ணன் அன்று எந்தக் கிராமத்துக்குப் போனார் என்று எங்களுக்குத் தெரியாது. அவர் சொல்வதில்லை, நாங்கள் கேட்பதுமில்லை. அந்த இரவைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. அம்மா ஜெபமாலையோடு உட்கார்ந்திருந்தார். பாலம் திறந்திருக்கிறது, பஸ் ஓடுகிறது என்பதுதான் எங்களை அதிகம் பயமுறுத்தியது. பாலம் உடைந்திருந்தால் அவர் வராததற்கு ஒரு காரணம் இருந்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை காலை அண்ணியும் நானும் ஸ்ரீரங்கம் போனோம். நண்பர் பஸ் நிறுத்தத்திலேயே காத்திருந்தார். "ஸ்டேஷன் ஸ்டாண்டுல சைக்கிள் இல்ல மன்னி. எடுத்துண்டு போயிருக்கான். ஆத்தங்கரைக் கிராமத்துல ரெண்டு மூணு இடத்துல கேட்டேன். தெரியலன்னுட்டா." மூவரும் கரையோடு கிழக்கே நடந்தோம், அண்ணன் வழக்கமாக ஏறி வரும் இடத்துக்கு.

அங்கே பாதை இறங்கி, தண்ணீருக்குள் போயிற்று. அவ்வளவுதான். நான் எத்தனையோ முறை பாலத்திலிருந்து பார்த்த வெள்ளை மணலில் ஒரு பிடிகூட இல்லை. நீல வானத்தின் கீழ், நல்ல வெயிலில், செம்மண் நிறத்தில் ஒரு நிலமே நகர்ந்துகொண்டிருந்தது. ஒரு முழு வாழைமரம் நின்ற வாக்கில் மெல்லச் சுழன்றபடி எங்களைக் கடந்து போனது. மேலே காக்கைகள் சாதாரணமாகக் கத்தின.

அண்ணி வெகுநேரம் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, "சத்தமே இல்லையே" என்றார்.

நண்பர் தலையைக் குனிந்துகொண்டார். "வராது மன்னி. மலையிலதான் சத்தம். இங்க மணல் இவ்வளவு அகலம்... வரதே தெரியாது. நுரை மாதிரி ஒரு கோடு வரும், காலை நனைக்கும். அப்புறம்தான் தெரியும். நான் இங்கேயே பொறந்து வளந்தவன். அன்னிக்கே சொல்ல வாயெடுத்தேன். நீங்க சொன்னது கேக்க நன்னா இருந்தது. ஆட்டம்தானேன்னு விட்டுட்டேன்."

அண்ணியின் முகத்தை நான் அப்போது பார்த்தது போல அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை. பெயரை எழுதியதற்காக அவர் பயப்படவில்லை. அதெல்லாம் அம்மாவின் பயம். அவருடைய பயம் வேறு. மழை எங்கே பெய்யும், ஆறு எங்கே பிரியும் என்று எல்லாவற்றையும் சரியாக அமைத்த நாட்டில், ஒரே ஒரு இடத்தில், கேட்பவர் மயிர் சிலிர்க்க வேண்டும் என்பதற்காக, தெரியாத ஒன்றைத் தெரிந்தது போலச் சொல்லிவிட்டார். "அவங்க நான் சொன்னத நம்புவாங்க. சத்தம் வரட்டும்னு நிப்பாங்க. சத்தம் வரலன்னா எறங்கிடுவாங்க" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். சொல்லிவிட்டு அந்தக் கரையிலேயே உட்கார்ந்துவிட்டார். மத்தியானம் வரை எழுப்ப முடியவில்லை.

நாங்கள் வீட்டுக்கு வந்தபோது திண்டுக்கல் பூட்டு தொங்க வேண்டிய கதவு திறந்திருந்தது. அம்மா கோயிலுக்குப் போயிருப்பார் என்று நினைத்திருந்தோம். உள்ளே கூடத்தில் அண்ணன் தரையில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். வேட்டி முழங்கால் வரை சேறு காய்ந்திருந்தது. அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, சின்னப் பையனுக்குச் செய்வது போல, அவர் தலையைத் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தார். தலை நனைந்திருக்கவே இல்லை.

அண்ணி வாசற்படியைத் தாண்டவில்லை. அண்ணன் அவரைப் பார்த்துச் சொன்ன முதல் வார்த்தை: "நீ சொன்ன சத்தம் வரலடி."

பிறகு மெல்ல மெல்லச் சொன்னார். நாலு மணிக்கு வடகரைக்கு வந்திருக்கிறார். வழியில் ஒரு ஆள் கூடச் சேர்ந்தான். தலையில் ஒரு மூட்டை. தீவுப் பக்கம் வாழைத் தோட்டத்தில் வேலை இருக்கிறதாம், போகிறானாம். அண்ணனிடம் தீப்பெட்டி கேட்டு வாங்கிப் பீடி பற்றவைத்தான். பேச்செல்லாம் வெயிலைப் பற்றித்தான். பெயர் கேட்டுக்கொள்ளவில்லை. கரைச் சரிவில் அவன் முன்னால் இறங்கினான். அண்ணன் ஒரு காலை மணலில் வைத்தார்.

"மேலாக்க ஈரமா இருந்துச்சு. எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. நெசமாவான்னு நீ கேட்டது அப்படியே காதுல கேட்டுச்சு. சரி, சத்தம் வருதான்னு கொஞ்ச நேரம் பாப்போம்னு நின்னேன். ஒரு சத்தமும் இல்ல. 'அண்ணே, கொஞ்சம் நில்லுங்க'ன்னேன். அந்த ஆளு திரும்பிப் பாத்து, 'இந்த வெயில்ல நின்னா மண்டை காஞ்சிரும் சார், பின்னாடியே வாங்க'ன்னு சிரிச்சான். சைக்கிளத் தூக்கினேன். அப்பத்தான் அந்தக் கோடு வந்துச்சு. வெள்ளையா, நூல் மாதிரி. கத்தினேன். கைய ஆட்டுறேன்னு நெனச்சுக்கிட்டு அவனும் கைய ஆட்டினான்."

தண்ணீர் முழங்காலுக்கு ஏறும்போது அந்த ஆள் மூட்டையை விடவில்லை என்று மட்டும் அண்ணன் திரும்பத் திரும்பச் சொன்னார். கிராமத்துக்கு ஓடி ஆட்களைக் கூட்டி வந்திருக்கிறார். கயிறு, தெப்பம், எதுவும் உதவவில்லை. அவன் அந்த ஊர்க்காரன் இல்லை. அவனை யாருக்கும் தெரியவில்லை. தெரியாத ஆளுக்காகத் தேடுகிறவர்கள் இருட்டியதும் வீட்டுக்குப் போய்விட்டார்கள். அண்ணன் போகவில்லை. தானும் போய்விட்டால் அப்படி ஒருவன் வந்ததற்கே சாட்சி இல்லை என்று தோன்றியதாம். மறுநாள் போலீஸ்காரர் வந்து, "பேரு என்ன?" என்று கேட்டதற்குத் தெரியாது என்று சொல்லிவிட்டு, பஸ்ஸில் பாலம் கடந்து வந்திருக்கிறார்.

சாயங்காலம் அம்மா தானே அரை பிளேடை எடுத்துக்கொண்டு நடு அறைக்குப் போனார், மிச்சத்தையும் சுரண்ட. அண்ணன் கூடத்திலிருந்து, "அது இருக்கட்டும்மா" என்றார்.

"எதுக்குடா இருக்கணும் இந்தச் சனியன்?"

"ஒருத்தன் விழுந்தான்லம்மா."

அம்மா பிளேடைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார். பிறகு அந்த வெற்றிடத்தை ஒரு விரலால் தடவிப் பார்த்துவிட்டு, பிளேடை அலமாரியில் வைத்தார்.

அதன் பிறகு நாங்கள் ஆடவில்லை. ஆடக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. பகடையை யாரும் எடுக்கவில்லை. அண்ணியும் வரைபடத்தில் ஒரு கோடுகூடச் சேர்க்கவில்லை. வெகு காலம் கழித்து, பேரன் கம்ப்யூட்டரில் அது போன்ற ஆட்டம் ஒன்றை ஆடும்போது அண்ணி பின்னால் நின்று பார்ப்பதைக் கண்டிருக்கிறேன். திரையில் ஒரு காய்ந்த ஆறு வந்தால், "மேல எங்கடா மலை?" என்று கேட்பார். அவனுக்குப் புரியாது. போன வருடம் அண்ணி இறந்த பின், அண்ணன் அந்த வரைபடத்தைச் சுருட்டி என்னிடம் கொடுத்தார். தன்னால் அதைப் பிரித்துப் பார்க்க முடியவில்லை என்றார்.

நான் பிரித்துப் பார்க்கிறேன். வாரத்துக்கு ஒரு முறை துடைத்து வைப்பது என் வழக்கம். மலை சரியாக இருக்கிறது. மழை மறைவுப் பக்கம் சரி. ஆறு பிரியும் இடம் சரி. பூதங்கள் இருந்த இடமெல்லாம் எனக்கு இப்போது வெறும் மை. வெளிச்சம் வரும் அந்த ஒரு விரல் அகலத்துக்கு மட்டும் நான் இன்னும் பயப்படுகிறேன். ரயில் கொள்ளிடப் பாலத்தில் ஏறும்போது, ஆடை நெய்கிறவர்கள் நிறம் பார்ப்பது போல, கீழே மணலின் நிறத்தைப் பார்க்கிறேன். வெயில் நன்றாக அடித்தால் இன்னும் உற்றுப் பார்க்கிறேன்.

ஆகஸ்ட் 24, திங்கள். அடுப்பு மூட்டும் முன், பால் வரும் முன், அம்மா அண்ணியை எழுப்பி, "கெளம்பு, கோயிலுக்குப் போயிட்டு வருவோம்" என்றார். சனிக்கிழமைக்குப் பிறகு அம்மா அவரிடம் பேசியது அதுதான் முதல் தடவை. நானும் கூடப் போனேன். செத்தவர்களின் ஆன்ம இளைப்பாற்றிக்காகப் பூசை வேண்டிக்கொள்பவர்கள், கோயில்பிள்ளையிடம் பெயரைச் சொன்னால் அவர் எழுதிக்கொள்வார். பூசையில் பாதிரியார் அதை வாசிப்பார். அம்மா முறை வந்தது.

"யாருக்கும்மா? பேரைச் சொல்லுங்க."

"பேர் தெரியாதுங்க. கொள்ளிடத்துல விழுந்தவரு."

"நம்ம சபைதானா?"

"அதுவும் தெரியாது."

கோயில்பிள்ளை பென்சிலை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். "பேர் இல்லாம எப்படிம்மா சாமியார் வாசிப்பாரு?"

அம்மா அண்ணியைத் திரும்பிப் பார்த்தார். பெயர் எழுதுவது அவர் வேலை என்பது போல.

"பேர் வர்ற எடத்தக் காலியா விட்டுடுங்க" என்றார் அண்ணி. "அங்க கொஞ்சம் நிறுத்திட்டு, அப்புறம் வாசிக்கச் சொல்லுங்க."

பாதிரியார் அப்படியே செய்தார். பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டு வந்தவர் ஓரிடத்தில் நிறுத்தினார். கோயிலில் ஒரு சத்தமும் இல்லை. அண்ணி கட்டுப் போட்ட விரலோடு என் கையை இறுகப் பிடித்திருந்தார். பிறகு பாதிரியார், "கொள்ளிடத்தில் விழுந்தவர்" என்று வாசித்தார்.